திருப்பிக் கும்பிட்ட பிரஸ்

"மேடம், நீங்க ஒருவாட்டி பிரஸ்ல பேய் புடிச்சீங்களாமே, அதை எழுதுங்க" என்று மெயின்டனன்ஸ் பையன்கள் வாட்ஸ்அப்பில் கேட்டார்கள். ஓய்வு பெற்றவர்களின் அனுபவங்களைத் தொகுத்துப் புத்தகம் போடுகிறார்களாம். நான் பேய் எதையும் பிடிக்கவில்லை. அப்படிப் பேசிப் பேசித்தான் ஒருவனுடைய விரல்கள் போயின. நடந்ததை எழுதுகிறேன். அழகாக எழுத எனக்கு வராது. படித்துவிட்டு யாருக்காவது கோபம் வந்தால் வரட்டும். என் கோபமே இன்னும் போகவில்லை.

இப்போது வரும் மிஷின்கள் கோளாறு என்ன என்று போனுக்கே செய்தி அனுப்பிவிடுகின்றனவாம். பையன்கள் போனைப் பார்க்கிறார்கள், மிஷினைப் பார்ப்பதில்லை. மிஷின் தன்னைப் பற்றித் தானே சொல்வதை நம்பக் கூடாது என்பதற்காகவும் இதை எழுதுகிறேன்.

கிருஷ்ணகிரியில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தேன். ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் சோல்டரிங் டேபிளில் ஆரம்பித்து, இன்னொரு கம்பெனியில் டெஸ்டிங் பார்த்து, கடைசியில் கார், லாரிகளுக்கு அதிர்வு தாங்கும் ரப்பர் புஷ் செய்யும் கம்பெனியில் மெயின்டனன்ஸுக்கு வந்தேன். ஒரு பொம்பளை பேனலைத் திறந்தால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிய காலம் அது. அதைப் பற்றிப் புலம்ப இஷ்டமில்லை. வேலை கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான்.

நான் சொல்லப்போகும் கருவிக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் ரிக்வெஸ்ட் மானிட்டர். கையில் பிடிக்கிற கருவி இல்லை, கம்ப்யூட்டரில் போடுகிற ஒரு புரோகிராம். மிஷினை ஓட்டும் சாப்ட்வேர் வெளியே இருக்கும் எதையும் நேராகத் தொடாது. பட்டனை அழுத்தினார்களா, கதவு மூடியிருக்கிறதா, எடை எவ்வளவு என்று எல்லாவற்றையும் கேள்வியாகக் கேட்கும். அந்தக் கேள்வியை வாங்கிக்கொண்டு போய்ப் பதில் கொண்டுவர நடுவில் இன்னொரு சின்ன புரோகிராம் உண்டு. அதற்கு டிரைவர் என்று பெயர். எங்கள் மானிட்டர் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்கும். எந்தக் கேள்வி எப்போது போனது, பதில் எப்போது வந்தது என்று திரையில் வரி வரியாக ஓடும். பதில் வராத கேள்விக்கு எதிரே இடம் காலியாகவே நிற்கும்.

முதல் தடவை அதைப் பயன்படுத்தியது சிரிப்பான விஷயத்துக்கு. பேக்கிங்கில் பார்கோடு ஸ்கேனர் தானாகவே எதையோ படித்துக்கொண்டிருந்தது. டப்பாவே இல்லாதபோது புது நம்பர் வரும். மானிட்டரில் பார்த்தால் ஸ்கேனர் ஒழுங்காகத்தான் பதில் சொல்கிறது. அந்த நம்பரைத் தேடினால், எதிரே நின்ற ஆளின் சட்டைப் பையிலிருந்த பிஸ்கட் பாக்கெட். அன்று எல்லோரும் சிரித்தோம். மிஷின் பொய் சொல்லாது, நாம்தான் தப்பாகப் புரிந்துகொள்கிறோம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அதுவும் பாதிதான் உண்மை.

எனக்கு மேலே இருந்தவர் நஞ்சுண்டப்பா. ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரர், தினமும் எல்லை தாண்டி வருவார். குரலை உயர்த்தவே மாட்டார். அவரிடம் ஒரு பழக்கம். நாம் சொல்வதைக் கையைக் கட்டிக்கொண்டு முழுவதும் கேட்பார். பிறகு அதையே திருப்பிச் சொல்வார், ஆனால் ஒரே ஒரு வார்த்தையை மாற்றிவிடுவார். "வால்வு தொறக்கல" என்று சொன்னால், "ஓ, வால்வு தொறக்க முடியல" என்பார். நாம் கவனிக்காமல் தலையை ஆட்டிவிட்டால் போச்சு. "உனக்கே தெரியலம்மா. போயி பாத்துட்டு வா" என்று அனுப்பிவிடுவார். எத்தனை தடவை அவரை மனசுக்குள் திட்டியிருக்கிறேன் என்று கணக்கில்லை. ஆனால் அவரிடம் வேலை பார்த்த பிறகு யார் பேசினாலும் எனக்கு எந்த வார்த்தை மாறுகிறது என்றுதான் காது போகும்.

இனி மூன்றாம் நம்பர் பிரஸ்.

ரப்பர் புஷ்ஷை இரும்பு வளையத்துக்குள் அழுத்துகிற சின்ன ஹைட்ராலிக் பிரஸ் அது, எண்ணெய் பம்ப் போட்டால்தான் ஓடும். ஆபரேட்டர் வளையத்தை உள்ளே வைத்து, அதன்மேல் புஷ்ஷை வைத்து, கையை வெளியே எடுத்து, இரண்டு பட்டன்களை ஒரே சமயத்தில் அழுத்த வேண்டும். மேலிருந்து ராம் என்கிற இரும்புத் தண்டு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால்தான் இறங்கும். அதாவது கை உள்ளே இருக்கும்போது இறங்கவே முடியாது. அதற்குத்தான் இரண்டு பட்டன். ராம் ஒருமுறை இறங்கி ஏறுவது ஒரு ஸ்ட்ரோக்; பம்ப் போட்டதும் முதலில் ஒரு காலி ஸ்ட்ரோக் அடித்துப் பார்ப்பார்கள்.

பழைய பேனலில் அந்தப் பட்டன்கள் ரிலே என்கிற மின் சுவிட்ச் வழியாக, ராமை இறக்கும் வால்வுக்கு நேரே போயின. அந்த பேனலைப் பிடுங்கிவிட்டு கம்ப்யூட்டர் வைத்தார்கள். பட்டன் ஒயர்கள் கம்ப்யூட்டர் கார்டுக்குப் போயின. "இதை மட்டும் ரிலேயிலேயே விடுங்க" என்று நான் கத்தினேன். "எல்லாம் சாப்ட்வேர்ல பாத்துக்கலாம் மேடம்" என்றான் கம்ப்யூட்டரை விற்ற பெங்களூர் வெண்டர். பிளான்ட் ஹெட் அவன் பக்கம் தலையாட்டினார். அதோடு முடிந்தது.

விபத்து நடந்தது இரண்டாம் ஷிப்ட் ஆரம்பத்தில், மதியம். ஆபரேட்டர் அன்வர், காவேரிப்பட்டினத்துப் பையன், கல்யாணமாகி ஒரு குழந்தை. அவன் புஷ்ஷை வைத்துக்கொண்டிருக்கும்போதே ராம் இறங்கிவிட்டது. வலது கையில் மூன்று விரல்கள் போயின.

அவனை வண்டியில் ஏற்றிய கையோடு சூப்பர்வைசர்கள் தரையில் மண்டியிட்டுத் தேடினார்கள். விரலைத் தேடுகிறார்கள் என்று நினைத்தேன். வாஷரைத் தேடினார்கள்.

காரணம் சொல்கிறேன். சில ஆபரேட்டர்கள் வேகமாக வேலை ஓட ஒரு பட்டனை அழுத்தி, அதன் சந்தில் வாஷரைச் சொருகிவிடுவார்கள். அப்புறம் ஒரு கையாலேயே ஓட்டலாம். பெரிய குற்றம், பிடிபட்டால் வேலை போகும். ஒரு வாஷர் கிடைத்துவிட்டால் பழி அன்வர் மேல் போகும், கம்பெனி மேல் வராது. கிடைத்தது. பிரஸ் ஷாப் தரையில் வாஷர் கிடக்காமல் பூவா கிடக்கும்? அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எச்.ஆரிடம் கொடுத்தார்கள். அன்வர் மேல் விசாரணை. குற்றம் உறுதியானால் டிஸ்மிஸ். மூன்று விரல் இல்லாத பிரஸ் ஆபரேட்டருக்கு சிப்காட்டில் வேறு எந்தக் கம்பெனி கேட் திறக்கும்?

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்திருந்தான்.

"வாஷர் வச்சியாடா?"

"அல்லா மேல சத்தியமா இல்லக்கா."

"அப்புறம் எப்புடி இறங்குச்சு?"

"அதான் தெரியல. அதோடது ஒருவாட்டி இறங்கிடுச்சுக்கா. இறங்கி ஏறுனப்புறம்தான் கையை வச்சேன். மறுக்கா வந்துடுச்சு."

"அதோடதுன்னா?"

அவன் மாமியார் உள்ளே வந்தார், பேச்சு நின்றுவிட்டது. வலியில் உளறுகிறான் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நஞ்சுண்டப்பாவும் நானும் பிரஸ்ஸைச் சுற்றிக் கயிறு கட்டினோம். நடந்த அன்றே எவனோ கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டிருந்தான், அதனால் உள்ளே பழைய விவரம் எதுவும் மிச்சமில்லை. ஆகவே புதிதாகப் பிடிக்க வேண்டும். மானிட்டரைப் போட்டேன். பம்ப் ஆஃப். கம்ப்யூட்டர் மட்டும் ஓடியது. யாரும் எதையும் தொடவில்லை. பம்ப் போட்டோம். திரையில் ஒரு வரி வந்தது: பட்டன் அழுத்தப்பட்டதா என்ற கேள்வி. எதிரே காலி. நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம். காலியாகவே இருந்தது. அணைத்துப் போட்டுப் போட்டுப் பார்த்தோம். காலை முழுக்க அப்படியே. மிஷின் உத்தமன்.

"ஒண்ணும் இல்லன்னு எழுதிடலாமா சார்?"

"ஒண்ணும் இல்லயா, ஒண்ணும் தெரியலயா?" என்றார்.

மதியம் ஷிப்ட் மாறியது. பம்பை அணைத்து வைத்திருந்தோம். அடுத்த பிரஸ் ஆபரேட்டர் சிவா வந்தான். கயிற்றுக்கு மேலே எட்டி, எங்கள் பிரஸ்ஸின் இரண்டு பட்டன்களையும் இரண்டு கையாலும் தொட்டு அழுத்திக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"டேய், கயிறு கட்டியிருக்குது, கண்ணு தெரியலையா?"

"சாமி கும்புட்டேன்க்கா. ரத்தம் பார்த்த மிஷின். பயமா இருக்குது" என்றான்.

எங்கள் ஷாப்பில் எல்லோரும் அப்படித்தான். ஷிப்டுக்கு வந்ததும் பட்டனைத் தொட்டுக் கும்பிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். அன்வர்கூட பிஸ்மில்லா சொல்லி இரண்டு பட்டனையும் ஒரு தட்டுத் தட்டுவான். பம்ப் ஓடாத நேரம்தானே, பழைய பிரஸ்களில் அதனால் ஒன்றும் ஆகாது.

அவனைத் திட்டி அனுப்பிவிட்டு நாங்கள் கேன்டீனில் சாப்பிட்டு வந்தோம். பம்பைப் போட்டேன்.

திரையில் கேள்வி வந்தது. அதே நொடியில், அதே வரியில், பதில் வந்தது. அழுத்தப்பட்டது. ராம் இறங்கி, வளையம் வைக்கும் காலி டையில் இடித்து, ஏறியது.

பட்டனுக்கு இரண்டு ஆள் தூரத்தில் நான் நின்றிருந்தேன். நஞ்சுண்டப்பா எனக்குப் பின்னால். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. ஒரு மனுஷன் பட்டனை அழுத்தினால் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் கொஞ்சமாவது நேரம் ஆகும். கை நகர வேண்டும். இதில் நேரமே இல்லை. கேட்பதற்கு முன்பே பதில் உள்ளே காத்துக்கொண்டிருந்த மாதிரி. எனக்குக் கழுத்துக்குப் பின்னால் சில்லென்று ஆகிவிட்டது. நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. இருந்தும் பட்டன் மேல் யாராவது கை வைத்திருக்கிறார்களா என்று குனிந்து பார்த்தேன்.

அடுத்த பிரஸ்ஸிலிருந்து சிவா சாவகாசமாகச் சொன்னான்: "அது அப்புடித்தான்க்கா. நாம கும்புட்டா, பம்ப் போட்டதும் அதுவும் ஒருவாட்டி திருப்பிக் கும்புடும். கம்ப்யூட்டர் வச்ச கொஞ்ச நாள்லருந்தே பண்ணும்."

"தினமுமா?"

"தினமும். அது கும்புட்டு ஏறுனப்புறம்தான் நாங்க கை வைப்போம். அதோட ஸ்ட்ரோக்கு அது."

அன்வர் சொன்ன 'அதோடது' அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"ஏன்டா யாருமே எங்ககிட்ட சொல்லல?"

"சூப்பர்வைசருகிட்ட சொன்னமே. காலி ஸ்ட்ரோக்கு நீங்க அடிக்கிற வேலை மிச்சம்டான்னாரு."

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த டெஸ்டரை எங்கே போட்டேன் என்றுகூடத் தெரியவில்லை. இத்தனை பேர். தினமும் ஒரு இரும்பு தானாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள், அதற்கு ஒரு மரியாதையான பெயரும் வைத்திருக்கிறார்கள். ஆபரேட்டர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் சொல்ல வேண்டியவனிடம் சொல்லியாகிவிட்டது.

வெண்டருக்குப் போன் போட்டோம். இழுத்து இழுத்துச் சொன்னான். முதலில் வைத்த சாப்ட்வேரில் சில சமயம் அழுத்தினது பதியவில்லை, டார்கெட் போகிறது என்று எங்கள் பிளான்ட் ஹெட் சண்டை போட்டாராம். அதனால் டிரைவரை மாற்றி எழுதினார்களாம். யாரும் கேட்காத நேரத்தில் பட்டனை அழுத்தினால், அதைத் தொலைத்துவிடாமல் உள்ளே எடுத்து வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை சாப்ட்வேர் கேட்டதும் கொடுக்கும். பம்ப் ஆஃபில் இருந்தாலும் எடுத்து வைக்கும். எத்தனை நேரம் ஆனாலும் வைத்திருக்கும்.

நஞ்சுண்டப்பா கையைக் கட்டிக்கொண்டார். "சரிம்மா. சொல்லு."

நான் சொன்னேன். பம்ப் போட்டதும் சாப்ட்வேர் காலி ஸ்ட்ரோக்குக்காக ஒருமுறை கேட்கும். ஆபரேட்டர் கும்பிட்டபோது அழுத்தியது உள்ளே இருக்கும், அதைக் கொடுத்துவிடும், ராம் இறங்கும். அதன் பிறகு, புஷ் வைத்ததை சென்சார் பார்த்ததும் சாப்ட்வேர் மறுபடி கேட்கும். அந்த நேரம் ஆபரேட்டரின் கை உள்ளே இருக்கும். வழக்கமாக உள்ளே மிச்சம் ஒன்றும் இருக்காது, அதனால் கேள்வி காலியாக நிற்கும், அவர் கையை எடுத்து வந்து அழுத்துகிறவரை. அன்று மட்டும் உள்ளே இரண்டு இருந்திருக்கிறது.

"ஓ, அன்னைக்கு அன்வர் ரெண்டு தடவை அமுக்கினான்."

"இல்லை சார். ரெண்டு இருந்திருக்குதுன்னுதான் சொன்னேன். யார் அமுக்கினாங்கன்னு தெரியாது."

"ம். அதைத் தெரிஞ்சுக்கிட்டு வா."

கம்பெனியும் அதையேதான் பிடித்துக்கொண்டது. ஒரு ஸ்ட்ரோக் தானாக வருவது சரி, அது வந்த பிறகுதான் அன்வர் கை வைத்தான். இரண்டாவது எங்கிருந்து வந்தது? வாஷர்தான். எச்.ஆர் கவரை ஆட்டிக் காட்டினான். இன்னொரு பக்கம், பிரஸ் சும்மா நிற்கிறது, சீக்கிரம் ஓட்டுங்கள் என்று புரொடக்‌ஷனில் நெருக்கடி. கயிற்றை அவிழ்த்துவிட்டு சிவாவை அதில் போடுகிறதாகப் பேச்சு.

அன்வருக்கு முன்னால் அந்த பிரஸ்ஸில் இருந்தவர் மாதப்பன். உத்தனப்பள்ளிக்காரர். முதல் ஷிப்ட் முடித்து பம்பை அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஷிப்ட் முடிந்து போகிறபோது யாரும் கும்பிடுவதில்லை, வரும்போது மட்டும்தான். ஆனால் அன்று மாதப்பனுக்குக் கடைசி நாள். மாலை போட்டு, லட்டு கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

ராயக்கோட்டை பஸ்ஸில் போனேன். சானமாவு காட்டருகே யானை நிற்கிறது என்று பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். யானை கண்ணில் படவே இல்லை. மரங்களுக்குள் ஏதோ முறியும் சத்தம் மட்டும் வந்தது. பஸ்ஸில் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு அந்தச் சத்தம் வந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போகாமலே திரும்பிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. அவர் "ஆமாம், தொட்டேன்" என்றால் அன்வர் பிழைப்பான். ஆனால் ஏன் கேட்கிறேன் என்று அவருக்குச் சொல்லாமல் கையெழுத்து வாங்கினால் நான் அந்த எச்.ஆரைவிடக் கேடுகெட்டவள்.

மாதப்பன் தக்காளித் தோட்டத்தில் குச்சி நட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"வாங்கம்மா. பையன் எப்புடிக்கீறான்? எனக்கு மனசே சரியில்ல. நான் இருந்தவரைக்கும் ஒரு நகத்துக்குக்கூட சேதாரம் பண்ணாத மிஷினு."

"அண்ணே, கடைசி நாள் கிளம்பறப்ப பிரஸ்ஸைத் தொட்டீங்களா?"

"தொடாம வருவேனா? பம்ப நிறுத்திட்டு, துடைச்சுட்டு, ரெண்டு பட்டனையும் தொட்டுக் கும்புட்டு, போயிட்டு வரேன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்."

"அழுத்தினீங்களா, தொட்டீங்களா?"

"நல்லா அமுக்கித்தான் கும்புட்டேன். ஏம்மா?"

சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தெரியாது. சொன்னேன். நீங்கள் அழுத்தியதை அது உள்ளே வைத்துக்கொண்டது. அன்வர் வந்து கும்பிட்டான், அதையும் வைத்துக்கொண்டது. பம்ப் போட்டதும் ஒன்றைக் கொடுத்தது. அவன் கை உள்ளே போனபோது இன்னொன்றைக் கொடுத்தது.

கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்தார்.

"நான் அப்ப பஸ்ஸுல வந்துக்கினு இருந்திருப்பேன்."

"ஆமாண்ணே."

"கைல மாலையோட. லட்டு தின்னுக்கினு." கைகளைத் திருப்பிப் பார்த்தார். "நான் இங்க வந்துட்டேன். என் கை அங்கயே இருந்துக்குது."

அவர் சொன்னது சரிதான். அதைவிடச் சரியாக என்னால் ரிப்போர்ட்டில் எழுத முடியவில்லை.

"அப்ப முன்னாடி போனது அவனோடதா, என்னோடதா? அவனைப் புடிச்சது யாரோடது?"

"தெரியாதுண்ணே." முதலில் வைத்ததைத்தான் முதலில் கொடுக்கும் என்று வெண்டர் சொல்லியிருந்தான். அதாவது மாதப்பனுடையது காலி டையில் போயிற்று. அன்வரைப் பிடித்தது அன்வர் தட்டியதுதான். அதைச் சொல்லி இவர் மனசை ஆற்றியிருக்கலாம். ஆனால் வெண்டர் வாய்ச்சொல்லை நான் மானிட்டரில் இன்னும் பார்க்கவில்லை, பார்க்காததைச் சொல்ல வாய் வரவில்லை. பிறகு சோதித்துப் பார்த்தேன், அவன் சொன்னது உண்மை. மாதப்பனிடம் சொன்னேன். "அவனோடதுக்கு முன்னாடி நின்னு அதைப் பின்னாடி தள்ளுனது என்னோடது இல்லியா?" என்றார்.

விசாரணைக்கு அவரே வந்தார், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு. வாஷர் எதற்கும் தேவையில்லை என்று ஆனதும் எச்.ஆர் வேறு ஒரு வாக்கியம் தயார் செய்து படித்தான்: "முந்தைய ஷிப்ட் ஆபரேட்டர் விதிக்குப் புறம்பாகப் பட்டனை அழுத்தியதால் விபத்து ஏற்பட்டது." அன்வரை விட்டுவிட்டு மாதப்பனைப் பிடிக்கிறார்கள். ஓய்வு பெற்றவரை என்ன செய்துவிட முடியும், கம்பெனி தப்பித்துவிடும்.

நான் வாயைத் திறப்பதற்குள் நஞ்சுண்டப்பா கேட்டார்: "எந்த விதி?"

"பம்ப் ஆஃப்ல பட்டனை அழுத்தக் கூடாது."

"காட்டுங்க."

எச்.ஆர் பேப்பரைப் புரட்டினான். அப்படி ஒரு விதி இல்லை. பிளான்ட் ஹெட், "எழுதலைன்னா என்ன, சும்மா இருக்கிற பட்டனை யாராவது அழுத்துவாங்களா?" என்றார்.

மாதப்பன் எழுந்து நின்று, குத்தலே இல்லாமல், சந்தேகம் கேட்கிற மாதிரிக் கேட்டார்: "சார், போன ஆயுத பூஜைக்கு நீங்கதானே மொதல்ல ரெண்டு பட்டனையும் அமுக்கிக் கும்புட்டீங்க? அப்ப அது யாரையாவது புடிச்சுதா சார்?"

பிளான்ட் ஹெட் தன் கையைப் பார்த்தார். அன்றைக்கும் பூஜை முடிந்து பம்ப் போட்டதும் ராம் தானாக இறங்கியிருக்கும், எல்லோரும் கைதட்டியிருப்பார்கள்.

நஞ்சுண்டப்பா எனக்காக வாக்கியத்தைத் திருப்பினார். "எழுதம்மா. மாதப்பன் அமுக்கினாரு, மிஷின் இறங்குச்சு."

"இல்லை சார். மாதப்பன் கும்பிட்டாரு. டிரைவர் அதை எடுத்து வச்சுக்கிச்சு. பட்டன்ல கை இல்லாதப்ப கை இருக்குதுன்னு பதில் சொல்லிச்சு. அதை அப்புடி எழுதச் சொன்னது கம்பெனி."

"அதை எழுது" என்றார். எழுதினேன். பிளான்ட் ஹெட் கையெழுத்துப் போடும்வரை நான் மேஜையைவிட்டு நகரவில்லை. அன்வர் மேலிருந்த குற்றச்சாட்டு தள்ளுபடியானது. ஸ்டோர்ஸில் அவனுக்கு வேலை என்று அதே பேப்பரில் எழுதி வாங்கினோம்.

பட்டன் ஒயர்களைப் பழையபடி ரிலேக்குக் கொண்டுவந்தேன்; கம்ப்யூட்டருக்கு அழுத்தினார்களா என்ற தகவல் மட்டும் போகும். டிரைவரில் எடுத்துவைக்கும் வேலையை நீக்கினார்கள். சோதித்துப் பார்க்கும் நாளன்று அன்வர் வந்திருந்தான், கட்டுப் போட்ட கையோடு. மாதப்பனையும் வரச் சொல்லியிருந்தேன். சிவா பம்ப் ஆஃபில் பட்டனை அழுத்திக் கும்பிட்டான். பம்பைப் போட்டேன்.

திரையில் கேள்வி வந்தது. எதிரே காலி. ராம் மேலேயே நின்றது.

"கும்புடலியேக்கா" என்றான் சிவா. அவன் குரல் சரியில்லை. இத்தனை நாள் தினமும் பதில் சொன்னது இன்று சொல்லவில்லை. அது இறங்கியபோதுகூட இவர்கள் இவ்வளவு பயப்படவில்லை. ஒருவரும் பக்கத்தில் போக மாட்டேன் என்கிறார்கள். பம்ப் முனகிக்கொண்டே இருந்தது. திரையில் அந்தக் கேள்வி நின்றுகொண்டே இருந்தது.

"கேட்டுக்கினே இருக்குது" என்றார் மாதப்பன். "யாராவது சொல்லணும் இல்ல?" ஆனால் அவரும் நகரவில்லை.

"யோவ் மாதப்பண்ணே, வாய்யா" என்றான் அன்வர். இடது கையை இடது பட்டனில் வைத்தான். "எனக்கு ஒண்ணுதான் கீது. அந்தப் பக்கம் நீ வா. பயந்து சாவாத, உள்ள எவன் கையும் இல்ல."

இரண்டு பட்டனும் ஒரே ஆளின் இரண்டு கைக்குத்தான். ஆளுக்கு ஒன்றாக அழுத்துவது தப்பு. நான் மெயின்டனன்ஸ்காரி, தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை.

மாதப்பன் வலது பட்டனில் கை வைத்தார். முதல் தடவை அவர் பிந்திவிட்டார், ஒன்றாக அழுத்தாததால் ரிலே ஏற்கவில்லை. ராம் அசையவில்லை. "மூணுன்னதும் அமுக்குண்ணே" என்று அன்வர் எண்ணினான். அழுத்தினார்கள். திரையில் பதில் வந்தது. ராம் இறங்கி, இடித்து, ஏறியது.

நான் ஒரு நீளக் குச்சியால் புஷ்ஷை உள்ளே தள்ளினேன். சென்சார் பார்த்தது. கேள்வி வந்தது. எதிரே காலி. எல்லோரும் அந்தக் காலியான இடத்தையே பார்த்தோம்.

"இப்ப உள்ள யாரோடதும் இல்லியேம்மா?" என்றார் மாதப்பன்.

"இல்லண்ணே."

தலையாட்டினார். கிளம்பும்போது கும்பிடவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பிரஸ்ஸைப் பார்த்தபடியே, பின்பக்கமாக நடந்து ஷாப்பைவிட்டு வெளியே போனார்.